பன்னிரண்டாயிரம் மதிப்புள்ள கொம்பு

எங்கள் வகுப்பில் ஐந்து பெஞ்சுகள்தான். அதனால் நான் இணையத்தில் நடத்தும் பக்கத்துக்கு ‘ஆறாவது பெஞ்ச்’ என்று பெயர் வைத்தேன். இதை நகைச்சுவை என்று நம்பி வைத்தேன் என்பதிலிருந்தே என் தரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினோராயிரம் பேர் அதைப் படிக்கிறார்கள். முதல்வரின் சுற்றறிக்கை, விடுதியின் தண்ணீர்த் தொட்டி, தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் கடவுளை நம்புகிறவர்கள் என்று ஒன்றையும் நான் விட்டு வைத்ததில்லை. சென்ற ஆண்டு அதிகம் பேர் பகிர்ந்தது ‘இணையத்தில் நன்கொடை வசூலிக்கப் பத்து எளிய வழிகள்’ என்ற கட்டுரை. அதில் ஏழாவது வழி இது: ‘வசூலானதில் பத்தில் ஒரு பங்கை நிர்வாகச் செலவு என்று எழுதிக்கொள்ளவும். யார் நிர்வாகம் என்று எவராவது கேட்டால் கண் கலங்கவும்.’

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு போட்டோகாப்பி கடை உண்டு. எட்டடிக்குப் பத்தடி. இரண்டு இயந்திரம், ஒரு கணினி, ஒரு ஸ்டூல், காகிதம் வெட்டும் பெரிய கத்தி, கடைக்கார அண்ணன், அண்ணி. மூன்றாம் ஆண்டு வரை நான் தேர்ச்சி பெற்று வந்ததில் என் மூளையைவிட அந்த இயந்திரங்களின் பங்கு அதிகம். அண்ணன் கடனுக்கும் நகல் எடுத்துக் கொடுப்பார். நூறு தாளைப் பார்க்காமல், பேசிக்கொண்டே, ஒரு தாள் பிசகாமல் எண்ணுவார். கட்டைவிரல் எண்ணும், கடைசி இரண்டு விரல்கள் கட்டைப் பிடித்துக்கொள்ளும்.

செய்முறை ஏடுகளை ஓரம் வெட்டும்போது கத்தி அந்த இரண்டு விரல்களிலும் இறங்கிவிட்டது. ஆபரேஷன் நடந்தது. விரல் தங்கிவிட்டது, மடங்கவில்லை. வாரத்துக்கு மூன்று முறை பயிற்சி மையத்துக்குப் போய் மடக்கி மடக்கிப் பழக்க வேண்டும், சில மாதத்துக்குள் பழக்காவிட்டால் இருக்கிறபடியே இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்கே கடன் வாங்கியிருந்தார்கள்.

அண்ணனுக்காகப் பணம் திரட்டலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த நேரத்தில் என் மனம் சுத்தமாகத்தான் இருந்தது. இதற்குச் சாட்சி கிடையாது, நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். 

“யார் கணக்குல போடச் சொல்றது?” என்றேன்.

“உன் கணக்குலயே போடச் சொல்லு தம்பி,” என்றார் அண்ணன். “இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் எங்க பேங்குக்கு அலையறது?”

கடையின் ஸ்டூலில் உட்கார்ந்தே வேண்டுகோளை எழுதினேன். கடைசி வரி: ‘நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு காசும் அண்ணனுக்கே.’ முதலில் ‘அண்ணனுக்கு’ என்றுதான் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது வாக்கியம் கடைசியில் தொப்பென்று விழுந்தது. ஓசைக்காக ஒரு ஏகாரம் சேர்த்தேன். வாக்கியம் நிமிர்ந்து நின்றது. எழுத்தாளனாக இருப்பதன் ஆபத்து இதுதான்.

பன்னிரண்டு நாளில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது.

என் அறைத் தோழனை எல்லோரும் ‘ஆடிட்டர்’ என்று கூப்பிடுவார்கள். கணக்கியல் தாளில் இரண்டு முறை தோற்றதால் வந்த பெயர். அவன் என் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு கேட்டான்.

“இதுக்காக நீ எத்தனை மணி நேரம் உழைச்சிருப்ப?”

“அதை எல்லாமா எண்ணுவாங்க?”

“எண்ணணும் மச்சான். டேட்டா போச்சு. தூக்கம் போச்சு. வந்தவனுக்கெல்லாம் நன்றின்னு தட்டித் தட்டி உன் விரலே தேஞ்சு போச்சு. அவருக்கு ரெண்டு விரல்னா உனக்குப் பத்து விரல்.”

“அவர் பணம்டா அது.”

“முழுக்கவா எடுக்கச் சொன்னேன்? பெரிய பெரிய அமைப்பெல்லாம் எடுக்குது. நிர்வாகச் செலவுன்னு பேரு. உனக்குத் தெரியாதா? நீயே எழுதியிருக்கியே, ஏழாவது வழி.”

என் எழுத்தை ஒருவன் மேற்கோள் காட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உருகிவிட்டேன்.

பன்னிரண்டாயிரம் எடுத்தேன். நன்றி வீடியோ எடுக்க வட்ட விளக்கு, மூவாயிரத்து இருநூறு. சட்டையில் குத்தும் மைக், ஆயிரத்துத் தொள்ளாயிரம். மைக் குத்துவதற்குச் சட்டை, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. டேட்டா, அறுநூறு. ஆலோசனைக் கூட்டம், ஆயிரத்து நூற்று ஐம்பது. அதாவது ஆடிட்டரும் நானும் சாப்பிட்டது. மிச்சம் மூவாயிரத்து முந்நூறை ‘எதிர்பாராச் செலவு’ என்று எழுதினேன். அதில் ஒரு ஷூ வாங்கினேன். அந்த ஷூ உண்மையிலேயே எதிர்பாராமல்தான் கண்ணில் பட்டது.

தொண்ணூற்றெட்டாயிரத்தை உறையில் போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். வீடியோவில், புதுச் சட்டையில், புது வெளிச்சத்தில், “கிட்டத்தட்ட ஒரு லட்சம்” என்று சொன்னேன். ‘கிட்டத்தட்ட’ அகலமான சொல். பன்னிரண்டாயிரம் அதில் கால் நீட்டி உட்காரலாம். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் இடது கையால் என் தோளைத் தட்டினார். நானும் கண் கலங்கினேன். ஏழாவது வழியின் இரண்டாம் பகுதி.

மறுநாள் கடைக்குப் போனால், அண்ணி என் வேண்டுகோளின் கடைசி வரியை மட்டும் பெரிய தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம்.

“அழகா இருக்குல்ல தம்பி?” என்றார். “வர்றவங்க எல்லாம் படிச்சுட்டுத்தான் உள்ள வர்றாங்க.”

படித்தவர்களில் தமிழ் மேடமும் ஒருவர். அவர் ஐந்நூறு கொடுத்தவர். அந்த வாரம் இலக்கண வகுப்பில் கரும்பலகையில் அந்த வரியை அப்படியே எழுதினார்.

“கடைசியில ஒரு ஏ வந்திருக்கு. இந்த ஏகாரத்துக்கு என்ன வேலை?”

ஓசை என்று சொல்ல நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

“பிரிநிலை ஏகாரம். ஒருத்தரை மத்தவங்க எல்லார்கிட்டேயிருந்தும் பிரிச்சுக் காட்டுது. அண்ணனுக்குன்னு எழுதியிருந்தா, அண்ணனுக்கும் போகும், கூட வேற யாருக்காவது போகலாம். அதுக்கு இடம் இருக்கு. அண்ணனுக்கேன்னா அந்த இடத்தை அடைச்சாச்சு. வேற யாருக்கும் கிடையாது.”

முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி, “எழுதினவருக்கும் கிடையாதா மேடம்?” என்று கேட்டாள். அவள் எல்லாப் பாடத்திலும் இப்படித்தான் கேட்பாள். வேறு காரணம் இல்லை.

“எழுதினவனுக்குத்தான் முதல்ல கிடையாது,” என்றார் மேடம். “சிலர் இதைத் தேற்றம்னும் சொல்லலாம், உறுதியாச் சொல்றதுன்னு. எழுதினது யாருன்னு தெரியுமில்ல? எழுந்து நில்லுப்பா.”

எழுந்தேன். கைதட்டினார்கள். பிரிநிலை என்றாலும் மாட்டினேன், தேற்றம் என்றாலும் மாட்டினேன். ஷூவைப் பெஞ்சுக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இத்தோடு போயிருந்தால் ஏகாரத்தோடு நான் எப்படியாவது சமாதானம் ஆகியிருப்பேன். ஆனால் இரண்டரை மாதம் கழித்து ஒரு நாள் கடையில், அண்ணன் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்குப் பயிற்சி இல்லையாண்ணா?”

“போதும் தம்பி. அதான் ஓரளவுக்கு மடங்குதே.” கையைக் காட்டினார். மோதிரவிரல் பாதி வரை வந்து நின்றது. சுண்டுவிரல், வகுப்பில் கேள்வி கேட்கும் அந்தப் பெண்ணின் கை மாதிரி, நீட்டியபடியே இருந்தது.

“ஒண்ணும் போதாது,” என்று இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அண்ணி சொன்னார். “கடனை அடைச்சது போக, கையில இருந்ததுக்கு இருபத்தஞ்சு தடவை போயாச்சு. இன்னும் ஒம்பது இருக்கு. தடவைக்கு ஆயிரத்து நானூறு. இந்த மாசம் முடியறதுக்குள்ள போகலைன்னா இந்த விரல் இப்படியேதான்னு டாக்டர் சொல்லிட்டார். பத்து நாளாப் போகலை.”

ஒன்பது முறை ஆயிரத்து நானூறு. எனக்குப் பெருக்கல் வராது. அன்று வந்தது. பன்னிரண்டாயிரத்து அறுநூறு. அண்ணனின் சுண்டுவிரலில் அறுநூறு போக மீதி என் காலிலும் சட்டையிலும் ஆடிட்டரின் வயிற்றிலும் இருந்தது.

என் அக்கா ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். அலுவலகம் என்பது ஒரு மாடிப்படியின் அடியில் இருக்கும் அறை. அக்காவின் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அதற்குக் கீழே பழைய சட்டப் புத்தகம் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தாள். நான் ‘ஒரு நண்பனுக்கு’ என்று ஆரம்பித்தேன்.

“நண்பன் எவ்வளவு அமுக்கினான்?” என்றாள் அக்கா, நிமிராமல்.

“அமுக்கலை. நிர்வாகச் செலவு.”

“நண்பனோட ஷூ நல்லா இருக்கு.”

சொல்லிவிட்டேன். அவள் பேனாவை மூடினாள்.

“நானும் ஐந்நூறு போட்டேன், ஞாபகம் இருக்கா? ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துல பன்னிரண்டுன்னா, என் ஐந்நூறுல ஐம்பத்து நாலரை உன்கிட்ட இருக்கு. எங்கடா இருக்கு? காலர்லயா, பட்டன்லயா?”

“அக்கா, பெரிய அமைப்பெல்லாம் எடுக்கறாங்களே.”

“எடுக்கறாங்க. இத்தனை பங்கு செலவுக்குப் போகும்னு முன்னாடியே எழுதி வச்சுட்டு எடுக்கறாங்க. படிச்சுட்டுப் போடறவன் போடலாம், வேணாம்னா போகலாம். பதிவு பண்ணியிருக்காங்க. வருஷா வருஷம் கணக்குக் காட்டறாங்க. நீ என்ன பதிவு பண்ணியிருக்க?”

“தினமும் ரெண்டு பதிவு போடறேன்.”

அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அம்மாவிடம் என்னைப் பற்றி என்ன சொல்லலாம் என்று யோசிக்கும்போது பார்க்கும் பார்வை.

“அந்தப் பணம் உன் கணக்குல இருந்துச்சு. உன் பணமா இருந்ததே இல்ல. இன்ன ஆளுக்குன்னு நம்பி ஒப்படைச்சதை எடுத்துச் செலவழிச்சா அதுக்குப் பேரு நம்பிக்கை மோசடி. போட்டவங்கள்ல ஒருத்தர் போலீசுக்குப் போனாப் போதும். நீ நல்ல வீடியோ எடுத்தேன்னு எந்தக் கோர்ட்லயும் கேட்க மாட்டாங்க.”

“டேட்டாச் செலவு கூடவா?”

“அண்ணன்கிட்ட முன்னாடியே கேட்டு, எழுதியும் போட்டிருந்தா எடுத்திருக்கலாம். நீ எழுதினது என்ன? ‘அண்ணனுக்கே’. உன்னை யாருடா அந்த ஏ போடச் சொன்னது?”

“ஓசைக்காக...”

“போ. சொல்லிட்டு, திருப்பிக் கொடு. ரெண்டும் செய். ஒண்ணு மட்டும் செஞ்சுட்டு வராதே.”

சொல்வது எனக்குப் பெரிய விஷயமில்லை, பதினோராயிரம் பேரிடம் தினமும் சொல்கிறவன். அறைக்கு வந்து எழுதினேன்: ‘திருத்தம். ஒவ்வொரு காசும் அண்ணனுக்கே என்று வெளியிட்டிருந்தோம். அதில் பன்னிரண்டாயிரம் எனக்கே சென்றுவிட்டது. பிழைக்கு வருந்துகிறோம்.’ கீழே வட்ட விளக்கிலிருந்து ஷூ வரை விலையோடு பட்டியல். ஒரு வார்த்தை பொய் இல்லை. என் பக்கத்தின் வரலாற்றிலேயே முழுக்க உண்மையான ஒரே எழுத்து அதுதான்.

ஒரு மணி நேரத்தில் எழுநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

‘ஏழாவது வழி, பாகம் ரெண்டு! சாவடிக்கிறான்.’ ‘எதிர்பாராச் செலவுல ஷூ... முடியலடா சாமி.’ தமிழ் மேடம் ‘அங்கதம் அருமை’ என்று எழுதியிருந்தார். ‘இது சத்தியமாக உண்மை’ என்று நான் பதில் போட்டேன். அதற்கு நானூறு பேர் சிரித்தார்கள். ஒருவர் என் கணக்குக்கு இருநூறு அனுப்பி, ‘ஷூவுக்கு லேஸ் வாங்கிக்கோ’ என்று எழுதினார். அக்காவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: ‘அந்த இருநூறையும் எழுதி வை.’

மூன்று வருடம் எல்லாவற்றையும் கேலி செய்து வந்தவன் உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆடிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. பட்டியலில் ‘ஆலோசனைக் கூட்டம்’ என்று இருந்ததைப் பார்த்து, “என்னை ஏன்டா இழுத்தே?” என்றான்.

வேறு வழியில்லை. வங்கிக் கணக்கின் விவரத்தை அச்சடிக்கச் சொல்லிக் கடையின் எண்ணுக்கு அனுப்பிவிட்டு நேரே போய் நின்றேன். அண்ணன் இடது கையால் கணினி மவுஸைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“வா தம்பி. ஷூ கதை படிச்சேன். எங்கேயிருந்துதான் உனக்கு இதெல்லாம் தோணுதோ! இது என்ன, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா?”

“ரெண்டு பக்கம்ணா. ரெண்டு காப்பி. ஒண்ணு உங்களுக்கு.”

இயந்திரம் உறுமி, தாள்களைத் துப்பியது. அண்ணி எடுத்துத் தட்டி ஒழுங்குபடுத்தி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

“படிங்க அண்ணி.”

“நாங்க படிக்க மாட்டோம் தம்பி. யார் யாரோ எது எதையோ கொண்டு வர்றாங்க. விவாகரத்துப் பேப்பர் வருது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வருது. கடை போட்ட நாளிலேர்ந்து படிக்கிறதில்ல.”

தாள் சூடாக இருந்தது. நான் இதற்குத் தயாராக வரவில்லை. அவர் படிப்பார், முகம் மாறும், நான் தலை குனிவேன், அப்புறம் எல்லாம் தானாக நடக்கும் என்று திட்டம் போட்டிருந்தேன். இப்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில் இல்லாமல்.

“அந்த ஷூ கதை... கதை இல்லண்ணா.”

அண்ணன் சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்தார். நான் ஷூவைப் போட்டுக்கொண்டே போயிருந்தேன். செருப்பு பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்டிருந்தேன்.

“எவ்வளவு வந்துச்சு?” என்றார் அண்ணி.

“ஒரு லட்சத்துப் பத்து.”

“எங்களுக்கு வந்தது தொண்ணூத்தெட்டு.”

“ஆமா அண்ணி.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவர் மனதுக்குள் ஒன்பதால் பெருக்குவது எனக்குக் கேட்டது.

“எங்ககிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்போமே தம்பி. செலவாச்சுன்னு சொல்லியிருந்தா எடுத்துக்கோன்னுதானே சொல்லியிருப்பார் இவர். கேட்காம எடுக்க உனக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?” சொல்லிவிட்டுக் கதவிலிருந்த பெரிய தாளைத் திரும்பிப் பார்த்தார். “முளைச்சுத்தான் இருக்கு. பார், உள்ளங்கை அகலத்துக்கு.”

மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை மை பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“ஒண்ணு அந்தக் கொம்பை அழி. இல்ல வெள்ளிக்கிழமைக்குள்ள காசைக் கொண்டா. ரெண்டுல எது செஞ்சாலும் அப்ப அங்க எழுதியிருக்கறது உண்மையாயிடும்.”

நான் பேனாவைப் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். என் வாயில் அப்போது வந்தது இதுதான்: “கொம்பை மட்டும் அழிச்சா ‘அண்ணனுக்க’ன்னு நிக்கும் அண்ணி. அதுக்குக் கீழ ஒரு சுழி வேற போடணும்.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணி அவரையும் முறைத்தார். நான் பேனாவைத் தொடாமல் வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை அது. வட்ட விளக்கை வாங்கிய கடையிலேயே பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மைக்கைப் பேச்சுப் போட்டிக்குப் போகும் ஒருவன் ஆயிரத்துக்கு வாங்கினான். ஆடிட்டர் தான் சாப்பிட்டது பாதிதான் என்று ஐந்நூற்று எழுபத்தைந்து கொடுத்தான், ரசீது கேட்டான். ஷூவை எவனும் வாங்கவில்லை. எல்லோரும் அந்தத் திருத்தத்தைப் படித்திருந்தார்கள், அது மோசடி ஷூ என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். கையில் இருந்த என் சொந்தப் பணத்தையும் சேர்த்து ஆறாயிரம் தேறியது. மீதி ஆறாயிரத்தை அக்கா கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள். ‘மேற்படி தொகையை மாதம் ஐந்நூறு வீதம் தம்பியே திருப்பித் தருவான்.’

“அந்த ஏ எதுக்கு?” என்றேன்.

“அம்மா தர மாட்டாங்கன்னு அர்த்தம்.”

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாயிரத்தையும், லேஸ்காரரின் இருநூறையும் கொண்டுபோய் அண்ணியின் மேசையில் வைத்தேன். அந்த இருநூறு அவரிடமே திரும்பிப் போக வேண்டியது, ஆனால் அவர் வாங்க மறுத்து, ‘அப்ப அண்ணனுக்கே கொடுத்துடு’ என்று எழுதியிருந்தார். அதையும் அச்சடித்துக் கொண்டு போனேன். அண்ணி எண்ணினார். ஒருமுறை எண்ணினவர் இரண்டாம் முறையும் எண்ணினார். மூன்று வருடத்தில் என் பணத்தை அவர் இரண்டு முறை எண்ணியது அதுதான் முதல் தடவை.

“நானூறு குறையுது ஒம்பது தடவைக்கு. அது எங்க பங்கு,” என்றார். “அந்தக் காப்பி ரெண்டுக்கும் நீ அன்னிக்குக் காசு குடுக்கலை.”

கொடுத்தேன்.

கணக்கு விவரத்தின் ஒரு பிரதியை அண்ணி கதவில், அந்தப் பெரிய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். தேதிகள், தொகைகள், நான் எடுத்தது, திருப்பியது, எல்லாம் இருந்தது. இப்போது சிலர் அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறுகிறது. தமிழ் மேடம் அதன் முன்னால் வெகுநேரம் நின்றதாகக் கேள்வி. அடுத்த வகுப்பில் என்னை எழுப்பவில்லை.

அண்ணன் ஒன்பது தடவையும் போனார். மோதிரவிரல் உள்ளங்கையைத் தொடுகிறது. சுண்டுவிரல் முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. இடையில் இரண்டு வாரம் விட்டதால்தானா என்று நான் அண்ணனிடம் கேட்டேன். “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்று டாக்டர் சொன்னாராம். அதில் ‘இல்லாமலும்’ என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரிதாக உதவவில்லை.

நேற்று நூறு தாள் கேட்டேன். அண்ணன் வலது கையாலேயே எண்ண ஆரம்பித்தார். எழுபது வரைக்கும் பேசிக்கொண்டே எண்ணினார். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டு எண்ணினார். தொண்ணூறுக்கு மேல் கட்டு கொஞ்சம் சரிந்து, இரண்டு தாள் என் ஷூ மேல் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

கதவில் ‘ஒவ்வொரு காசும் அண்ணனுக்கே’ இன்னும் இருக்கிறது. கொம்பை யாரும் அழிக்கவில்லை. அதற்குக் கீழே அண்ணி நீல மையில், சின்ன எழுத்தில், ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்: தாமதமாக.